பி.எச். அளக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

பி.எச். என்பது ஒரு கரைசலின் அமிலத்தன்மையைச் சொல்லும் எண். அதை அளக்க ஒவ்வொரு கல்வியாண்டும் ஆய்வகத்துக்குப் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். நாங்கள் படிக்கும்போது அடித்த அதே கூத்தைக் கொஞ்சமும் பிசகாமல் அடிக்கிறார்கள். அமிலத்தில் தண்ணீரைக் கொட்டாதே, பிபெட்டை வாயால் உறிஞ்சாதே என்பதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

எலெக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டரில் போட்டு வைப்பது

இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை முடிந்ததும் பொறுப்பாகக் கழுவி, பீக்கரில் டிஸ்டில்டு வாட்டர் பிடித்து, எலெக்ட்ரோடை (பி.எச். மீட்டரோடு இணைந்த, கரைசலில் முக்கும், நுனியில் கண்ணாடிக் குமிழுள்ள குச்சியை) அதில் நிற்க வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சுத்தமாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் எலெக்ட்ரோடுக்குள் இருப்பது செறிவான பொட்டாசியம் குளோரைடு கரைசல். வெளியே வெறும் தண்ணீர் என்றால் உள்ளிருக்கும் உப்பு நுண்துளை வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும், கண்ணாடிக் குமிழின் மேல் உள்ள நீரேறிய மெல்லிய படலத்திலிருந்தும் அயனிகள் கரைந்து போகும். அப்புறம் அளவீடு ஓரிடத்தில் நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு கல்லூரியில் விடுமுறை முழுக்க அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது பீக்கரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, குமிழைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதைக் கழுவி, 7 பஃபரில் (பி.எச். 7 என்று தெரிந்த கரைசலில்) முக்கி, மீட்டரின் திருகைத் திருப்பி 7.00 என்று கொண்டுவந்துவிட்டு, காலிபரேஷன் (மீட்டரைச் சரிபார்த்து அமைப்பது) முடிந்தது என்று ப்ராஜெக்ட் மாதிரிகளை வரிசையாக அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். 7 பஃபரில் எலெக்ட்ரோடு தரும் மின்னழுத்தமே ஏறக்குறைய பூஜ்யம்தான், அதனால் சாகப் போகிற எலெக்ட்ரோடுகூட அங்கே ஒழுங்காகத்தான் நடிக்கும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு பி.எச். அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்ற கணக்கில், 4 பஃபருக்கு மாற்றும்போது சுமார் 177 மில்லிவோல்ட் ஏற வேண்டும். நான் போய்ப் பார்த்தபோது 150-ஐத் தாண்டவில்லை. அதாவது வர வேண்டியதில் 85 சதவீதம். உண்மையில் 3 இருக்கும் கரைசலை அது 3.6 என்று காட்டும். 0.6 தானே என்று கேட்பவர்களுக்கு: பி.எச். மடக்கை அளவு, அந்த 0.6 என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவில் நான்கு மடங்கு. எடுத்த அளவீடெல்லாம் குப்பைக்குப் போனது, புது எலெக்ட்ரோடுக்குச் சில ஆயிரம் ரூபாய் போனது, பழி மட்டும் மீட்டர் மேல்.

100 மில்லி தண்ணீரில் 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்தால் கிட்டத்தட்ட 3 மோலார் (மோலார் என்பது செறிவின் அலகு). எலெக்ட்ரோடின் மூடியில் அதை ஊற்றி, குமிழ் மூழ்கும்படி மாட்டி வையுங்கள், வேலை அவ்வளவுதான். அது கைவசம் இல்லாவிட்டால் ஓர் இரவுக்கு 4 பஃபர் போதும். காய்ந்து போனதைக்கூட இரவு முழுக்க அந்த உப்புக் கரைசலில் ஊற வைத்தால் பல நேரம் தேறிவிடும். தேறியதா என்பதை 7, 4 இரண்டிலும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குமிழைத் தேய்த்துத் துடைப்பது

தேய்க்காதீர்கள். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

மிச்ச பஃபரைப் பாட்டிலில் திரும்ப ஊற்றுவது

சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல.

வினிகரை மெத்தில் ஆரஞ்சு வைத்து டைட்ரேட் செய்வது

டைட்ரேட் என்றால், செறிவு தெரிந்த காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அமிலத்தின் அளவைக் கண்டுபிடிப்பது; முடிந்ததை நிறம் மாறிக் காட்டுவது நிறங்காட்டி. மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி பி.எச். 3.1 முதல் 4.4 வரைதான் நிறம் மாறும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் சரியாக ஈடுகட்டும் இடமோ 8.7 பக்கம். பியூரெட்டிலிருந்து தேவையானதில் மூன்றில் ஒரு பங்கு இறங்குவதற்குள் சிவப்பு போய் மஞ்சள் வந்துவிடும், நீங்களும் முடிந்தது என்று குறித்துவிடுவீர்கள். ஃபினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டியைப் போடுங்கள்.

வலிமையையும் செறிவையும் குழப்புவது

0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பி.எச். 1 பக்கம் காட்டும், அதே 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 2.9. இரண்டும் ஒரே செறிவுதான். முன்னது முழுதாக அயனியாகிறது, பின்னது நூற்றில் ஒன்று சொச்சம். அதற்காக அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்தது என்று நம்பி கிளேசியல் (தண்ணீர் கலக்காத அசிட்டிக் அமிலம்) பாட்டிலைக் கையுறை இல்லாமல் திறந்தால் தோல் வெந்துவிடும்.

பி.எச். எண்களுக்குச் சராசரி எடுப்பது

3-க்கும் 5-க்கும் நடுவே 4 என்று எழுதாதீர்கள். செறிவுக்கு மாற்றிச் சராசரி எடுத்தால் 3.3 வரும்.

டிஸ்டில்டு வாட்டர் 7 காட்டவில்லை என்று மீட்டரைத் தட்டுவது

காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைந்து 5.6 பக்கம் இறங்கியிருக்கும். மீட்டர் என்ன செய்யும் பாவம்.