கையில் இருக்கும் பணத்தில் ஹனிமூன்: முதல் முறை புக் செய்பவர்களுக்கு

ஹனிமூனுக்குப் பட்ஜெட் இடிக்கிறது என்று சொல்பவர்களின் திட்டத்தை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அதில் மூன்று ஊர் இருக்கும். ஊட்டியில் ஒரு ராத்திரி, கொடைக்கானலில் ஒரு ராத்திரி, மூணாறில் ஒரு ராத்திரி. பாதிப் பணம் டாக்ஸிக்குப் போய்விடும், பாதிப் பொழுது கொண்டை ஊசி வளைவுகளில் போய்விடும், மிச்சப் பணத்துக்குக் கிடைக்கிற ரூம் சுவரில் ஈரம் ஊறியதாக இருக்கும். கல்யாண வேலையில் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காத இரண்டு பேருக்கு இது தேவையே இல்லை. ஊரைக் குறையுங்கள், ரூமின் தரத்தைக் குறைக்காதீர்கள். ஒரே ஊர், ஒரே ரூம், மூன்று ராத்திரி. இதை முடிவு செய்துவிட்டால் மற்ற கணக்கெல்லாம் தானாக வழிக்கு வரும்.

முதலில் தேதி

முகூர்த்தத்துக்கு மறுநாளே கிளம்புகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். மறுவீடு, குலதெய்வக் கோயில், மாமா வீட்டு விருந்து, சித்தி வீட்டு விருந்து, தாலி பிரித்துக் கோர்ப்பது என்று வரிசையாக இருக்கும், இதில் எது எந்த நாள் என்பது கடைசி நேரத்தில்தான் உங்கள் காதுக்கு வரும். அதனால் புக் செய்வதற்கு முன்னாலேயே இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் "நாங்கள் எந்தெந்தத் தேதியில் ஊரில் இருந்தே ஆக வேண்டும்?" என்று நேராகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆனியில் கல்யாணம் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: ஆடி பிறந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகிற வழக்கம் உள்ள குடும்பமா? அப்படியென்றால் ஆடிக்கு முன்னால் போய் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆவணிக்குத் தள்ளிப்போட வேண்டும். ரீஃபண்ட் கிடைக்காத ரூமைப் புக் செய்த பிறகு இது தெரியவந்தால் பணம் போனதுதான்.

அப்புறம், மாதவிடாய்த் தேதி. பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம் என்றால் இதை எப்படிக் கேட்பது என்று பையனும், எப்படிச் சொல்வது என்று பெண்ணும் தயங்கிக்கொண்டே இருப்பார்கள். கேட்டுவிடுங்கள், சொல்லிவிடுங்கள். பயணத் தேதியை இருவரும் சேர்ந்து குறிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே பேச்சிலேயே குளிர் ஒத்துக்கொள்ளுமா, மலைப் பாதையில் வாந்தி வருமா, கடல் பிடிக்குமா மலை பிடிக்குமா என்பதையும் பேசி முடித்துவிடலாம். சர்ப்ரைஸ் கொடுக்கிறேன் என்று ஒருவரே எல்லாவற்றையும் புக் செய்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எந்த மாதம், எந்த ஊர்

தை மாதக் கல்யாணம் என்றால் கொடுத்து வைத்தவர்கள். பொங்கல் விடுமுறையும் ஜனவரி 26-ஐ ஒட்டிய வார இறுதியும் கழிந்த பிறகு மலை ஊர்களில் கூட்டமும் வாடகையும் இறங்கிவிடும். குளிர் மட்டும் கடுமையாக இருக்கும், ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கிற காலம் அது. மூணாறு போகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: வரையாடு குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள்.

சித்திரை, வைகாசியில்தான் சிக்கல். பள்ளி விடுமுறை, ஊட்டி மலர்க் கண்காட்சி எல்லாம் ஒன்றாக வரும், ரூம் வாடகை எகிறும். அந்த மாதங்களில் முகூர்த்தம் என்றால் பள்ளி திறக்கும்வரை காத்திருந்து ஜூனில் கொடைக்கானல் போவது நல்ல யோசனை, ஏனென்றால் தென்மேற்குப் பருவமழை மூணாறையும் வயநாட்டையும் குடகையும் போட்டு அடிக்கிற அளவுக்குக் கொடைக்கானலை அடிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழையில் நீலகிரியில் மண் சரிந்து மலை ரயில் அடிக்கடி ரத்தாகும், அதனால் அந்தச் சமயத்தில் மழை ஓய்ந்த குடகு, மைசூர் பக்கம் பார்க்கலாம். அந்தமான் ஆசை இருந்தால் டிசம்பருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விமான டிக்கெட்டையும் தீவுக்குத் தீவு போகும் கப்பல் டிக்கெட்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த மாதமாக இருந்தாலும் ஞாயிறு போய்ச் சேர்ந்து புதன் அல்லது வியாழன் கிளம்புகிற மாதிரி வையுங்கள். வார நாளில் அதே ரூம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பார்க்குகளில் நிம்மதியாக உட்காரவும் முடியும்.

பணத்தைப் பிரிப்பது

மொய்ப் பணத்தை நம்பிப் புக் செய்யாதீர்கள். அது சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் போக வேண்டிய பணம். இஎம்ஐயில் ஹனிமூன் வேண்டவே வேண்டாம், கல்யாணக் கடனோடு இதுவும் சேர்ந்தால் முதல் வருடமே பணப் பேச்சில்தான் ஓடும். உங்கள் சம்பளத்தில் ஒதுக்க முடிந்தது எவ்வளவோ அதுதான் பட்ஜெட்.

உதாரணத்துக்குச் சென்னையிலிருந்து நீலகிரிக்கு, கையில் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான் இப்படிப் பிரிப்பேன்: மூன்று ராத்திரி ரூமுக்கு 10,500, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் 4,500, சாப்பாட்டுக்கு 5,000, ஒரே ஒரு நாள் டாக்ஸிக்கு 3,000. மீதி 2,000-ஐத் தொடக்கூடாது, அது மாத்திரைக்கும் மழைக்கும் ரத்தான ரயிலுக்கும். எல்லா நாளும் வண்டி வைத்துக்கொள்வதில்தான் பலருக்கும் பட்ஜெட் உடைகிறது. ஒரு நாள் டாக்ஸியில் தூரத்து இடங்களைப் பார்த்துவிட்டு மற்ற நாள் நடப்பது, டவுன் பஸ், ஆட்டோ என்று வைத்துக்கொண்டால் போதும்.

தங்குவதற்கு நான் ஊட்டியைவிடக் குன்னூரைத்தான் சொல்வேன். சத்தம் குறைவு, குளிரும் கொஞ்சம் குறைவு, சிம்ஸ் பார்க் ஊருக்குள்ளேயே இருக்கிறது, லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் இரண்டும் பக்கம். ஒரு நாள் மலை ரயிலிலோ பஸ்ஸிலோ ஊட்டி போய்த் தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது, அந்தக் கணக்கை வைத்துச் சொல்லப்படும் பழைய யோசனைகளை விட்டுவிடுங்கள். காலை 8 மணிக்குத் திறக்கும்போதே உட்கார்ந்துவிட வேண்டும். சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலை மேட்டுப்பாளையம் போய்ச் சேரும், அங்கிருந்து 7 மணி தாண்டியதும் மலை ரயில். இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். தேடும்போது ஊட்டி என்று போட்டு வரவில்லை என்றால் உதகமண்டலம் என்று போடுங்கள். மலை ரயிலில் சீட் குறைவு, அதனால் அதை முதலில் போட்டு, கிடைத்த பிறகு இரவு ரயிலைப் போடுங்கள். மலை ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும், முன்னால் இழுக்காது. கல்லாறு தாண்டி, நடுவில் இருக்கும் பல் வைத்த தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் பிடித்துக்கொண்டு ஏறுகிற அந்தப் பகுதிதான் ஊட்டிவரையிலான 46 கிலோமீட்டரிலேயே அழகு, அது குன்னூரோடு முடிந்துவிடுகிறது. அதனால் குன்னூர்வரை டிக்கெட் எடுத்தாலே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டீர்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இரவு பஸ்ஸில் மலைக்குப் போகிறவர்கள் காலை 6 மணிக்கே போய் இறங்கிவிடுவார்கள், ரூமோ 12 மணிக்குத்தான் தருவார்கள். பட்டுப்புடவைச் சூட்கேஸோடு ரிசப்ஷன் சோபாவில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட மோசமான ஆரம்பம் இல்லை. மலை ரயிலில் போனால் குன்னூரில் இறங்கவே பத்து பத்தரை ஆகிவிடும், சாமானை ஓட்டலில் வைத்துவிட்டு டிபன் சாப்பிட்டு வந்தால் ரூம் தயாராக இருக்கும். பஸ்தான் என்றால் காலையிலேயே ரூம் வேண்டும் என்று புக் செய்யும்போதே பேசி, மெசேஜில் எழுதி வாங்கிவிடுங்கள்.

ரூம் பிடிப்பது

புக்கிங் ஆப்பில் ரூமைத் தேர்வு செய்யுங்கள், ஆனால் பணம் கட்டும் முன் மேப்பில் இருக்கும் ஓட்டல் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். நேரடியாகக் கேட்டால் பல இடங்களில் ஆப்பைவிடக் குறைத்தே தருவார்கள். கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணா, வெந்நீர் எந்நேரமும் வருமா, காலையில மட்டுமா? ஹீட்டர் ரூம்லயே இருக்கா, தனியாக் காசா? நீங்க சொல்ற ரேட்ல ஜிஎஸ்டி சேர்ந்திருக்கா? டிபன் உண்டா? மெயின் ரோட்டுல இருந்து உள்ள எவ்வளவு தூரம், ஆட்டோ வருமா? எந்தத் தேதிவரைக்கும் கேன்சல் பண்ணா முழுப் பணமும் திரும்ப வரும்?" இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்கிற இடம் போய் இறங்கிய பிறகும் நன்றாகவே கவனிக்கும் என்பது என் அனுபவம்.

மேப்பைப் பார்க்காமல் ஊர்ப் பெயரை மட்டும் நம்பக்கூடாது. மூணாறு என்று போட்டிருக்கும் ரிசார்ட்டுகளில் பல சித்திராபுரத்திலும் ஆனச்சாலிலும் இருக்கின்றன, டவுனிலிருந்து 10, 15 கிலோமீட்டர். ராத்திரி ஏழு மணிக்கு மேல் அங்கிருந்து சாப்பிட வெளியே போவது நடக்காத காரியம், ரிசார்ட் சொல்லும் விலைக்குத்தான் சாப்பிட வேண்டும். ரிவ்யூக்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்திப் படியுங்கள், ஓட்டல்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டுத் தங்கியவர்கள் எடுத்த படங்களில் பாத்ரூமையும் ஜன்னலையும் பாருங்கள். படத்தில் ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு தெரிந்தால், அது எந்த ரூம் என்று எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ் விஷயத்துக்கு வருவோம். ஹனிமூன் பேக்கேஜ் என்பதில் படுக்கையில் பூ, ஒரு கேக், மெழுகுவர்த்தி டின்னர், ஒரு டம்ளர் பால் இருக்கும். இவை இல்லாத வெறும் ரூம் எவ்வளவு என்று கேட்டுக் கழித்துப் பாருங்கள், அந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே பேக்கேஜ் வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றிவிடும். "புதுசாக் கல்யாணம் ஆனவங்க" என்று சொன்னால் நல்ல ரூமாகப் பார்த்துக் கொடுக்கிற மேனேஜர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதைச் சொல்லவும் கூச்சம் வேண்டாம். மூன்று இரவு நான்கு நாள் என்று விளம்பரத்தில் வருவதில் முதல் நாள் பாதி பயணம், நான்காம் நாள் காலை 11 மணிக்கு ரூமைக் காலி செய்ய வேண்டும். காசு கொடுப்பது ராத்திரிக்குத்தான், அதையே எண்ணுங்கள்.

ரீல்ஸில் வருகிற டிராவல்ஸ்களுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். தனிநபர் பெயரில் வரும் யுபிஐக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். எந்த ஓட்டல் என்று பெயரை வாங்கி, அந்த ஓட்டலுக்கே போன் செய்து உங்கள் பெயரில் ரூம் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் மீதிப் பணம். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

டிக்கெட்டில் பெயர். பத்திரிகையில் இருக்கும் பெயரையோ வீட்டில் கூப்பிடும் பெயரையோ போடக் கூடாது, கல்யாணம் ஆகிவிட்டது என்று கணவன் பெயரையும் சேர்க்கக் கூடாது. ஆதாரில் இனிஷியல் எப்படி இருக்கிறதோ அப்படியே. விமான டிக்கெட்டில் இதைத் தவறாகப் போட்டால் திருத்தப் பணம் கேட்பார்கள். ஓட்டலில் இருவரின் ஆதாரையும் கேட்பார்கள், இரண்டிலும் வேறு வேறு முகவரி இருந்தால் பரவாயில்லை, புதுத் தம்பதி என்றால் அப்படித்தான் இருக்கும். போனில் ஒரு கல்யாணப் போட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ ஊட்டி, கொடைக்கானல் போவதென்றால் இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் இந்த முறை இருக்கிறது, ஆன்லைனில் பதிவு செய்துகொள்ளலாம். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் அந்த வேலையே இல்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் இரண்டு எடுத்துப்போங்கள்.

திரும்பும் நாளைக் கணக்கில் விடாதீர்கள். ஊட்டியிலிருந்து மதியம் இறங்கும் மலை ரயிலில் குன்னூரில் ஏறினால் சாயங்காலம் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம், நீலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்புவது ராத்திரி 9 மணி வாக்கில்தான். மழை நாளாக இருந்தால் மலை ரயிலை நம்பாமல் மதியச் சாப்பாடு முடிந்ததும் பஸ் பிடித்து இறங்கிவிடுங்கள். மறுநாள் காலை சென்னையில் இறங்கி நேராக ஆபீஸ் போகிற மாதிரி லீவ் போடாதீர்கள், ஒரு நாள் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.