நியமனக் கடிதம் எழுதுவதும் பிறகு மாற்றுவதும்: சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு

கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருஷத்துக்கு முன் 7 பேர், இன்று 22 பேர். பில் போட வந்த பெண் இப்போது கொள்முதலையும் பார்க்கிறார். லேத் ஓட்ட வந்தவர் மூன்று பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறார். அடுத்த மாதம் இரவு ஷிஃப்ட் தொடங்கப் போகிறது. ஆனால் ஃபைலில் இருப்பது முதல் நாள் கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்தான். சிலருக்கு அதுவும் இல்லை.

வேலை ஓடிக்கொண்டே இருக்கும், காகிதம் நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னால் வருகிற தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன. அதை எப்படிச் சரி செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: நகல் எடுக்காதீர்கள்

நானே செய்த தப்பு இது. ஆரம்பத்தில் ஒரு பட்டறைக்குக் கடிதம் தயாரிக்கச் சொன்னார்கள். ஏதோ ஒரு மென்பொருள் கம்பெனியின் மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். "வீட்டிலிருந்து பணிபுரியும் நாட்களில் இணைய வசதிக்கு ஊழியரே பொறுப்பு" என்று அதில் ஒரு வரி. அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர் வெல்டர். ஆறு பக்கமும் ஆங்கிலம் வேறு. படிக்கிறவருக்குத் தமிழ்தான் வரும் என்றால் கடிதமும் தமிழில் இருக்கட்டும்.

படி 2: சட்டம் ஏற்கெனவே முடிவு செய்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்

சட்டம் தருவதைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம், குறைக்க முடியாது. தமிழ்நாட்டில் கடையோ அலுவலகமோ என்றால் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது: நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமல் நீக்க முடியாது. "எப்போது வேண்டுமானாலும் நீக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அந்த வரி நிற்காது.

ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். 10 பேர் ஆனால் இஎஸ்ஐ. பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்குழுவும் அப்போதே வேண்டும். 20 பேர் ஆனால் பிஎஃப். நம் பட்டறை இந்தக் கோடுகளையெல்லாம் தாண்டிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றின்படி நியமனக் கடிதம் கொடுப்பதும் கட்டாயம்.

படி 3: கடிதத்தை இரண்டாகப் பிரியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எளிதில் மாறாதவை கடிதத்தில், மாறக்கூடியவை இணைப்பில்.

கடிதத்தில் வருபவை: பெயர், சேரும் தேதி, தகுதிகாண் காலம், விலகும்போது இரு தரப்பும் தர வேண்டிய நோட்டீஸ், விடுப்பு, ரகசியம் காப்பது, நடத்தை விதிகள். இணைப்பில் வருபவை: பதவி, வேலை விவரம், வேலை செய்யும் இடம், ஷிஃப்ட், சம்பளப் பிரிப்பு. "இணைப்பு 1-ஐ இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு மாற்றலாம், மாற்றிய இணைப்பு பழையதற்குப் பதிலாக நடைமுறைக்கு வரும்" என்று கடிதத்தில் ஒரு வரி போதும். பில் போடுகிற பெண் கொள்முதலுக்குப் போகும்போது ஒரே ஒரு தாள் மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

வேலை விவரத்தில் "நிர்வாகம் சொல்லும் எந்த வேலையையும் செய்ய வேண்டும்" என்று எழுதுவது எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் அடக்கிய வரி, சண்டை என்று வந்தால் எதையும் தெளிவாக்குவதில்லை. முக்கிய வேலை இது, அதோடு தொடர்புடையவை இவை என்று நான்கு வரி எழுதுங்கள். இடமாற்றமும் அப்படித்தான். திருப்பூரில் கிளை திறக்கும் எண்ணம் இருந்தால் திருப்பூர் என்றே எழுதிவிடுங்கள்.

தகுதிகாண் காலம் எத்தனை மாதம், முடிந்ததும் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். முடிந்த அன்றே நிரந்தரக் கடிதமோ நீட்டிப்புக் கடிதமோ கொடுத்துவிடுங்கள். வருஷக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிடுவது நல்லது.

படி 4: நிற்காத நிபந்தனைகளை எழுதாதீர்கள்

"வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுகளுக்குப் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது" என்ற வரியை ஏறக்குறைய எல்லா மாதிரிகளிலும் பார்க்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27-இன்படி அது செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் மீது அவருடைய பழைய விளம்பர முகமை நிறுவனம் வழக்குப் போட்டபோது, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் தொடரும் தடை செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடிக்கையாளர் பட்டியல், வரைபடம் போன்ற ரகசியங்களை வெளியே தரக்கூடாது என்று எழுதுவது வேறு, அதற்குத் தடையில்லை.

பாண்ட் விஷயமும் வேறு. குறைந்தது மூன்று ஆண்டு பணி, இடையில் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் படித்துவிட்டு ஹெல்பரிடம் 2 லட்சத்துக்கு பாண்ட் எழுதி வாங்கக் கிளம்ப வேண்டாம். அந்த வங்கிக்கு ஆள் எடுக்கத் தேர்வு, நேர்முகம் என்று பெரிய செலவு உண்டு. நீங்கள் உண்மையிலேயே பயிற்சிக்குச் செலவழித்தது எவ்வளவோ அதை எழுதுங்கள்.

படி 5: மாற்றும்போது, முதலில் காகிதம்

இரவு ஷிஃப்டுக்கு வருவோம். திங்கட்கிழமை போர்டில் ஒட்டிவிட்டுச் செவ்வாய்க்கிழமை தொடங்க முடியாது. சம்பளம், வேலை நேரம், விடுப்பு, ஷிஃப்ட் தொடங்குவது அல்லது மாற்றுவது போன்றவற்றில் தொழிலாளர்களைப் பாதிக்கும் மாற்றம் செய்வதென்றால் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும், 21 நாள் காத்திருக்கவும் வேண்டும். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் இது பிரிவு 9ஏ. இப்போது, படி 2-இல் சொன்ன நான்கு தொகுப்புகளில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பின் பிரிவு 40. தொழிலாளர்களோடு போட்ட உடன்படிக்கையின்படி வரும் மாற்றத்துக்கு இந்த நோட்டீஸ் தேவையில்லை.

வழக்கமாகக் கொடுத்துவந்த சலுகையை நிறுத்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நாலு மணிக்குக் கொடுத்துவந்த டீயும் வடையும் எந்தக் கடிதத்திலும் இருக்காது. அதற்காகத் திடீரென்று நிறுத்திவிட முடியும் என்று அர்த்தமில்லை.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த நோட்டீஸுக்குள் வரமாட்டார்கள். அவர்கள் விஷயத்தில் சம்மதம்தான் வழி. ஒப்பந்தம் என்பது இருவர் போட்டது, ஒருவர் மட்டும் திருத்த முடியாது. "எதுவும் சொல்லவில்லையே, அப்புறம் என்ன" என்று மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் உட்கார்ந்து பேசுங்கள், அப்புறம் கடிதம். இப்படி எழுதலாம்:

"தங்கள் நியமனக் கடிதத்தின் இணைப்பு 1-இல் கீழ்க்கண்ட மாற்றம் …… தேதி முதல் நடைமுறைக்கு வரும். பழைய பொறுப்பு: பில்லிங். புதிய பொறுப்பு: பில்லிங், கொள்முதல். மாத ஊதியம்: ரூ. …… இலிருந்து ரூ. …… ஆக உயர்த்தப்படுகிறது. மற்ற நிபந்தனைகள் மாறவில்லை. பணியில் சேர்ந்த தேதியும் இதுவரையிலான பணிக்காலமும் தொடரும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். புதுக் கடிதம் கொடுத்ததும் பழைய சர்வீஸ் போய்விடுமோ, கிராஜுவிட்டி (பணிக்கொடை) குறையுமோ என்ற பயத்தில்தான் பலர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள்.

படி 6: சம்பளப் பிரிப்பை இப்போதே திருத்துங்கள்

மொத்தம் 20,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 7,000, வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று 13,000 என வைத்துக்கொள்வோம். புதிய தொகுப்புகளில் உள்ள ஊதிய வரையறையின்படி இப்படிப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்காகும். இங்கே பாதி 10,000, அதிகப்படி 3,000. ஆக ஊதியம் 10,000. கிராஜுவிட்டி இந்தத் தொகையின் மேல்தான் கணக்காகும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுத்தவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உண்டு. வேலையை விட்டவருக்குச் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். "45 நாளில் செட்டில் செய்யப்படும்" என்று உங்கள் பழைய கடிதத்தில் இருந்தால் அதையும் அடித்துவிடுங்கள்.

படி 7: வருஷத்துக்கு ஒருமுறை ஃபைலைத் திறங்கள்

கையெழுத்தான பிரதிகளில் ஒன்று ஊழியரிடம், ஒன்று உங்களிடம். ஏப்ரலில் இன்கிரிமென்ட் போடும்போது ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "இப்போ நீங்க என்னென்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டு அவர்கள் சொல்வதை எழுதி, இணைப்பு 1-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த பில்லிங் பெண் சொல்லி முடிக்கும்போது ஒரு பக்கம் நிறைந்திருக்கும். இணைப்பில் இருப்பதோ ஒரே சொல்.