எம்மா ட்விக்: ஒரு தன்பாலீர்ப்பாளர் சாம்பியனின் விளையாட்டு வாழ்க்கையை எழுதும் முறை

தன்பாலீர்ப்பாளரான ஒரு வீராங்கனையைப் பற்றி எழுதுபவர்கள் பலர், அவருடைய திருமணத்தில் தொடங்கி, பதக்கங்களைக் கடைசிப் பத்தியில் ஒதுக்கிவிடுகிறார்கள். நியூசிலாந்தின் துடுப்புப் படகு வீராங்கனை எம்மா ட்விக்கைப் பற்றி எழுத விரும்பினால், முதலில் அவருடைய போட்டி முடிவுகளை ஆண்டு வாரியாகத் தொகுத்துக்கொள்ளுங்கள்.

1987-இல் நேப்பியரில் பிறந்த அவர், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒன்பதாம் இடத்தையும், 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் நான்காம் இடத்தையும் பெற்றார். இடையே 2014-இல் ஆம்ஸ்டர்டாமில் உலக சாம்பியனானார். இந்த எண்களின் பொருளையும் வாசகருக்கு விளக்க வேண்டும். முதன்மை இறுதிப் போட்டியில் ஆறு படகுகளே இறங்கும் என்பதால், ஒன்பதாம் இடம் என்பது இரண்டாம் நிலை இறுதிப் போட்டியில் மூன்றாவதாக வந்ததைக் குறிக்கும். நான்காம் இடமோ, பதக்க மேடைக்கு அடுத்த படியிலேயே இரண்டு ஒலிம்பிக்குகளில் அவர் நின்றுபோனதைச் சொல்கிறது. என் பார்வையில் அவருடைய கதையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஆகவே இதற்குத் தாராளமாக இடம் ஒதுக்குங்கள்.

ரியோவுக்குப் பின் விலகிய அவர், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்து, 2019 உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 2021 ஜூலை 30 அன்று டோக்கியோவில், 34 வயதில், ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். அந்தப் போட்டியை விவரிக்கும்போது ஒற்றையர் பிரிவின் இயல்பைக் காட்டுங்கள். இரு கைகளிலும் ஒவ்வொரு துடுப்புடன், எல்லைக் கோட்டுக்கு முதுகு காட்டி அமர்ந்து, 2,000 மீட்டரையும் தனியாகவே கடக்க வேண்டும். முன்னணியில் இருப்பவருக்குப் பின்தொடரும் ஐந்து படகுகளும் கண்முன்னே தெரியும், எல்லைக் கோடு தெரியாது. அன்று அவர் எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 13.97 நொடி. காற்றும் நீரும் இடத்துக்கு இடம் மாறுவதால், இந்த விளையாட்டில் நேரங்களை 'சாதனை' என்று சொல்லாமல் 'சிறந்த நேரம்' என்றே குறிப்பது வழக்கம். இரண்டு ஏரிகளில் பதிவான நேரங்களை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வதையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

அவருடைய மணவாழ்க்கையை, காலவரிசைப்படி வரவேண்டிய இடத்திலேயே சேர்த்துவிடலாம். நியூசிலாந்தில் 2013 ஆகஸ்ட் முதல் தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும்; ட்விக் 2020-இல் தன் துணைவியை மணந்தார். டோக்கியோ போட்டி ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவர் ஒளிக்காமல் பேசுகிற ஒன்றை, 'ரகசியம் வெளிப்பட்டது', 'ஒப்புக்கொண்டார்' போன்ற குற்றச்செய்திச் சொற்களால் எழுதுவது அவருக்குச் செய்யும் அநீதி. மற்ற வீராங்கனைகளின் கணவரைப் பற்றி எப்படி எழுதுவோமோ, அப்படியே 'அவருடைய மனைவி' என்று எழுதிவிட்டு மேலே செல்லுங்கள். அதே சமயம், முற்றிலும் மறைத்துவிடுவதும் சரியல்ல. தன்னைப் போன்ற ஒருவர் உச்சத்தில் இருக்கிறார் என்று அறிந்துகொள்ளும் இளம் வாசகருக்கு அந்த ஒரு வரி மிகப் பெரிய துணை. குடும்பத்தாரின் மற்ற விவரங்களுக்கு, குறிப்பாகக் குழந்தையின் பெயருக்கு, விளையாட்டுக் கட்டுரையில் தேவையே இல்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் கரோலியன் ஃப்ளோரைனுக்கு அடுத்ததாக வந்து, 37 வயதில் வெள்ளி வென்றதையும் எழுதுங்கள். 'தங்கத்தைத் தவறவிட்டார்' என்ற தலைப்பை மட்டும் வைக்காதீர்கள்.