வீட்டுக்கு வருகிறவர்கள்மேல் நாய் பாய்கிறதா? கேற்றுக் கொண்டியிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் நாயின் பெயர் சூடை. குட்டியாக வந்த அன்றே குசினி வாசலில் கழுவி வைத்திருந்த அரைக் கிலோ சூடை மீனை ஒரு தலைகூட மிச்சம் வைக்காமல் முடித்ததால் வந்த பெயர். இப்போது மூன்று வயது, பதினெட்டுக் கிலோ. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அது குரைக்காது. முன்னங்கால் இரண்டையும் வந்தவரின் நெஞ்சில் வைத்து முகத்தை நக்கப் பார்க்கும். "பாசமான நாய்" என்று நாங்களும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு மாமி பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு வெளிக்கிட்டுப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். புதுச் சீலை. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். சீலை கிழிந்ததுகூடப் பரவாயில்லை, கையில் நகம் கீறி இரத்தம் வந்துவிட்டது. ஓடுகிற தண்ணீரில் சவுக்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி, "நாய்க்கு விசர் ஊசி போட்டிருக்கா, அட்டை எங்கே?" அட்டை இருந்தது. இல்லாவிட்டால் அன்றைக்கு மாமியின் முகத்தைப் பார்த்திருக்கவே முடியாது. "வைரவற்ற வாகனம், அடிச்சுப் போடாதை பிள்ளை" என்று மாமிதான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

அன்றிலிருந்து நாலு மாதம் நான் பட்ட பாட்டைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். "இரு" (உட்கார்) என்றால் உங்கள் நாய்க்கு இருக்கத் தெரியும், தடுப்பூசி வருடா வருடம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன். இது சந்தோஷத்தில் பாய்கிற நாய்க்கான முறை. உடம்பு விறைத்து, வாயை மூடிக்கொண்டு, வாலைக் கம்புபோல நிமிர்த்தி, கண்வெள்ளை தெரியப் பார்க்கிற நாய் வேறு மாதிரிப் பிரச்சினை. வால் ஆடுகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் பார்த்தபோது, வளர்த்தவரைக் கண்ட நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்து ஆடியிருக்கிறது. மிரட்டுகிற மாதிரியான அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம். நானும் சூடையின் வாலை போனில் படம் பிடித்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை, அது பின்பக்கம் முழுவதையுமே ஆட்டுகிற நாய். உங்கள் நாய் விறைக்கிற வகை என்றால் இந்தப் பதிவை மூடிவிட்டு மிருக வைத்தியரிடம் போங்கள்.

ஏன் பாய்கிறது?

அதற்கு உங்கள் முகம் வேண்டும், அவ்வளவுதான். வேட்டைக்குப் போய்த் திரும்பும் ஓநாயின் வாயைக் குட்டிகள் நக்கும். நக்கினால் அது விழுங்கிய இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். நாய்க்குட்டியும் தாயின் வாயை நக்கும். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் வணக்கம் சொல்கிற முறையாக மிஞ்சிவிட்டது. நம்முடைய வாயோ தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. பாயாமல் என்ன செய்யும்?

தேவையான சாமான்

ஆறடி நீளத்தில் தட்டையான பட்டிக் கயிறு ஒன்று. சங்கிலி வேண்டவே வேண்டாம், அதன் சலசலப்பே நாயை உசுப்பிவிடும். இழுக்க இழுக்க நீளுகிற சுருள் கயிறு ஒன்றும் வாங்கினேன், காசு தண்டம். மீன்பிடிச் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிற உருண்டை நைலோன் கயிறும் சரிவராது. நாய் இழுத்தால் உள்ளங்கை எரியும்.

தீனிக்கு பிஸ்கற் பக்கம் போகாதீர்கள். நெத்தலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிவிட்டு, மூன்று தரம் தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்து, எண்ணெய் விடாமல் சட்டியில் வறுங்கள். ஒன்றை மூன்றாக ஒடித்து ஒரு பழைய டின்னில் போட்டுக் கேற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். வெக்கையான, வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மொறுமொறுப்பாகவே இருக்கும், மாரி தொடங்கினால் இரண்டு நாளில் நமத்துவிடும். கறியில் கிடக்கிற துண்டு எதையும் கொடுக்காதீர்கள், வெங்காயம் நாய்க்கு நஞ்சு.

முதலில் சொற்களைத் தீர்மானியுங்கள்

நாய் சரியாகச் செய்கிற அந்தக் கணத்திலேயே ஒரு சொல்லைச் சொல்லி, உடனே தீனி கொடுக்க வேண்டும். நான் "சரி" என்ற சொல்லை எடுத்தேன். தமிழ் வீட்டில் இதைவிட மோசமான தெரிவு இருக்க முடியாது. அம்மா போனில் கதைத்தால் "சரி, சரி, சரி, சரி பிள்ளை, சரி" என்றுதான் முடிப்பார். சூடை ஓடிப்போய் அவர் காலடியில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இப்போது நாக்கை மேலண்ணத்தில் தட்டி "டக்" என்று ஒரு சத்தம் போடுகிறேன். இதற்கென்று விற்கிற பொத்தான் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் கதவு, கயிறு, கருவாடு மூன்றையும் பிடிக்கிற கையில் நாலாவதாக அது எதற்கு?

"இரு" என்பதை மாற்றவில்லை. அதில் எதிர்பாராத ஒரு லாபமும் இருந்தது, பிறகு சொல்கிறேன்.

கொண்டிச் சத்தம்: நான் சறுக்கிய இடம்

ஒன்றரை மாதம் சூடையை விறாந்தையில் வைத்துப் பழக்கினேன். விறாந்தையில் அது தங்கமான பிள்ளை. மகன் உள்ளே வருவான், அது இருக்கும், கருவாடு வாங்கும். கேற்றில் உண்மையாக ஓர் ஆள் வந்து நின்றால் மட்டும் பழைய குருடி கதவைத் திறடி. எனக்குக் காரணம் விளங்கவே இல்லை.

ஆடி மாதம் ஒருநாள் பின்னேரம், வீட்டில் நானும் சூடையும் மட்டும். கச்சான் பிய்த்துக்கொண்டு அடித்தது. எங்கள் கேற்றின் இரும்புக் கொண்டி கொஞ்சம் தேய்ந்தது. காற்றில் ஆடி "டிங்" என்றது. என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்த நாய் கண்ணைத் திறக்க முன்னமே எழும்பிவிட்டது. கதிரையை இடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி, கேற்றில் இரண்டு காலையும் வைத்து நின்றது. அங்கே ஒருவரும் இல்லை. முதுகு மயிர் நடுங்க, தொண்டைக்குள் முனகிக்கொண்டு, ஆளில்லாத தெருவைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே நின்றது.

அப்போதுதான் விளங்கியது. அது மாமியின்மேல் பாயவில்லை, கொண்டிச் சத்தத்துக்குப் பாய்ந்திருக்கிறது. ஆள் உள்ளே வந்து சேர்வதற்குள் நாய் கொதித்து முடிந்துவிடுகிறது. அந்த நிலையில் நாம் சொல்கிற "இரு" அதன் காதில் ஏறாது. சத்தத்துக்கும் தீனிக்கும் முடிச்சுப் போட்ட பவ்லோவின் கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். என் கேற்றிலேயே அது நடந்துகொண்டிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை.

ஆகவே சத்தத்திலிருந்து தொடங்குங்கள். நீங்கள் கேற்றுக்கு உள்ளேயே நில்லுங்கள், நாய் கயிற்றில் பக்கத்தில் நிற்கட்டும். கொண்டியை ஒரு தரம் தட்டுங்கள். நாய் எழும்ப முன்னம் "டக்", ஒரு துண்டைத் தரையில் போடுங்கள். கையில் கொடுக்காதீர்கள். தரையில் போட்டால் தலை கீழே போகும். தலை கீழே இருக்கிற நாயால் பாய முடியாது. காலையில் பத்துத் தரம், பின்னேரம் பத்துத் தரம், அவ்வளவுதான். கேற்றைத் திறக்கவே வேண்டாம்.

நான் முதல் வாரத்திலேயே திறந்துவிட்டு, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன். கொண்டி தட்டுப்பட்டதும் நாய் கேற்றைப் பார்க்காமல் உங்கள் காலடியைப் பார்க்கிறதா? அப்போதுதான் அடுத்தது. கேற்றை ஒரு சாண் திறந்து மூடுங்கள். பிறகு நீங்களே வெளியே போய் உள்ளே வாருங்கள். பிறகு வீட்டில் இன்னொருவர் வரட்டும். இடையில் முன்னங்கால் தரையைவிட்டு எழும்பினால் கேற் மூடும், அந்த ஆள் வெளியேயே நிற்பார். ஏச்சு, அடி ஒன்றும் வேண்டாம். எனக்குப் பதினாறு நாள் எடுத்தது. ஒருவரும் வராத கேற்றின் கொண்டியை நாளுக்கு இருபது தரம் தட்டுகிற பெண்ணைப் பற்றித் தெருவில் என்ன கதைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

வீட்டு ஆட்களைப் பழக்குவது

நாயைவிடக் கடினம். பாய்ந்தால் முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள், மரம்போல. கையால் தள்ளினாலும் முழங்காலால் இடித்தாலும் "இறங்கடா" என்று கத்தினாலும் அதற்கு எல்லாம் விளையாட்டுத்தான். நாலாம் ஐந்தாம் நாளில் பாய்ச்சல் குறையாது, கூடும். பைப்பில் தண்ணீர் வராவிட்டால் நாமும் அதை இன்னும் முறுக்கித் திறந்துதானே பார்க்கிறோம்? இந்த இடத்தில்தான் எல்லோரும் கைவிடுகிறார்கள். கைவிட்டால், "இன்னும் உயரமாகப் பாய்ந்தால் கிடைக்கும்" என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி.

எங்கள் வீட்டில் ஓட்டை விழுந்தது கணவர் பக்கத்தில். வேலை கொழும்பில், இரவு ரயிலில் வந்து சனிக்கிழமை விடிய வீட்டில் நிற்பார். ஐந்து நாள் நான் கட்டியதை ஐந்து நிமிடத்தில் கட்டிப்பிடித்துக் கலைத்துவிடுவார். எப்போதாவது விழுகிற லொத்தரைத்தான் சனம் விடாமல் வாங்கும், நாயும் அப்படித்தான். அரை மணிநேரம் தனியே விட்ட நாயைவிட, இரண்டு, நாலு மணிநேரம் விட்ட நாய் கூடுதல் ஆர்ப்பாட்டமாக வரவேற்கிறது என்று 2011இல் சுவீடனில் செய்த ஆய்வு ஒன்று சொல்கிறது. ஐந்து நாள் என்றால் கேட்கவா வேண்டும்? நான் சண்டை பிடித்தபோது, பிரிந்து சேரும்போது நாய்க்குக் கண்ணீர் கூடுதலாகச் சுரக்கிறது என்ற 2022ஆம் ஆண்டு ஜப்பான் ஆய்வை போனில் எடுத்துக் காட்டி, "இதைப் பார்த்த பிறகும் முதுகைக் காட்டச் சொல்லுறீரோ?" என்றார்.

கடைசியில் ஒரு சமாதானம். அவர் உள்ளே வந்து ஒன்றும் பேசாமல் விறாந்தைப் படியில் இருப்பார். சூடையின் நாலு காலும் தரையில் இருந்தால், அந்த உயரத்திலேயே முகம், காது, மூக்கு எல்லாம் அதற்கு. பாயத் தேவையே இல்லை. முகம்தானே வேண்டும்? ஆள் கீழே வந்துவிட்டார்.

நடிப்பு விருந்தாளிகள்

மகனோடு ரியூசனுக்குப் போகிற இரண்டு பெடியன்களை ஐஸ்கிறீம் கூலிக்குப் பிடித்தேன். பார்க்காதே, பேசாதே, தொடாதே என்பதுதான் ஒப்பந்தம். கயிற்றின் மேல் என் கால்: நாய் நிற்கலாம், இருக்கலாம், எழும்பிப் பாய மட்டும் நீளம் காணாது. கச்சான் காலத்தில் மத்தியானம் வைக்காதீர்கள், மனிசருக்கே பொறுமை இருக்காது.

முன்பு சொன்ன லாபம் இங்கேதான் தெரிந்தது. பெடியன்கள் உள்ளே வர, பழக்க தோஷத்தில் அம்மா குசினியிலிருந்து, "வாங்கோ தம்பியவை, இருங்கோ" என்றார். பெடியன்கள் கதிரையைத் தேட முன்னம் சூடை இருந்துவிட்டது. நம் ஊரில் வருகிற எல்லோருக்கும் நாம் சொல்கிற முதல் சொல்லே அதுதான். ஆகவே நாய்க்கு ஆங்கிலத்தில் சொல்லிப் பழக்காதீர்கள்.

நாயை விரும்பாதவர் வந்தால்

பழக்கிக் காட்டுகிற ஆசையை அடக்குங்கள். என் சிநேகிதி ஒருத்தி கிண்ணியாவிலிருந்து வருவாள். நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது அவர்கள் முறை. உடுப்பில் பட்டால் தொழுகைக்கு முன் அவளுக்கு எவ்வளவு வேலை! அவள் புறப்படும்போதே அழைப்பாள், நான் சூடையைப் பின் வளவில் கட்டிவிட்டு முற்றத்தைக் கூட்டுவேன். அவளுக்கு நாயோடு கோபம் ஒன்றும் இல்லை. "சூடை, சுகமா?" என்று தூரத்திலிருந்தே கேட்பாள்.

பிறகு சேர்த்தது

முதலில் எழுதியதைப் படித்துவிட்டு மூதூரிலிருந்து ஒருவர், "எங்கள் வீட்டில் வேலியும் படலையும்தான், கொண்டியே இல்லை" என்று எழுதியிருந்தார். அவருடைய நாய்க்குக் கொண்டி அவரின் மோட்டார் சைக்கிள் சத்தம். வண்டியைப் படலையடியில் நிறுத்தி வைத்து, இயக்கி அணைத்து, இயக்கி அணைத்து அதே வேலையைச் செய்தார். ஆள் அசையக் கூடாது, வண்டி மட்டும் சத்தம் போடும். மூன்று வாரத்தில் சரிவந்ததாம். ஆகவே உங்கள் நாய் எந்தச் சத்தத்துக்கு எழும்புகிறது என்று இரண்டு நாள் சும்மா இருந்து கவனித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொருவரின் ஐந்து மாதக் குட்டி, ஆள் வந்தால் மூத்திரம் விட்டுவிடுகிறதாம். அது குழப்படி இல்லை, பணிவு. ஏசினால் இன்னும் கூடும். மேலே குனிந்து தலையைத் தடவாமல், பக்கவாட்டாகக் குந்தி இருங்கள், வரவேற்பை முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

"இப்போது சூடை ஒருவர்மேலும் பாய்வதே இல்லையா?" என்று கேட்டவர்களுக்கு: மீன்காரரின்மேல் பாய்கிறது. அவர் சைக்கிளை நிறுத்தியதும் ஒரு சூடையைத் தூக்கி மேலே காட்டுவார், அது எழும்பி வாங்கும். மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "வாயில்லாச் சீவன் தங்கச்சி, ஒரு மீன் தானே" என்கிறார். ஆகவே அவருடைய ஹோர்ன் சத்தம் மூலையில் கேட்டதுமே நாயைப் பின் வளவுக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டுத்தான் சட்டியை எடுக்கிறேன்.