மனச்சோர்வா, பைபோலாரா? டாக்டரைப் பார்க்கும் முன் குடும்பத்தில் விசாரிக்க வேண்டியவை

மனச்சோர்வும், மேனியா எனப்படும் அளவுக்கு மீறிய உற்சாகமும் விட்டுவிட்டு வரும் மனநோய்தான் பைபோலார். அது உள்ள பலருக்கு நோய் முதலில் மனச்சோர்வாகத்தான் தலைகாட்டும். மேனியா சில வருடம் கழித்தே வரலாம் என்பதால், ஆரம்பத்தில் இது வெறும் மனச்சோர்வா பைபோலாரா என்று பிரிப்பது டாக்டருக்கே கஷ்டம். ஆனால் பிரித்தாக வேண்டும். பைபோலார் இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும். பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வருகிற பைபோலார், பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு வருகிறது. குடும்பக் கதையை டாக்டர் துருவிக் கேட்பது அதனால்தான்.

வீட்டில் போய் "யாருக்காவது பைபோலார் இருந்ததா?" என்று கேட்காதீர்கள். முந்தைய தலைமுறையில் பலருக்கு நோய்க்கு அப்படிப் பெயர் வைத்திருக்கவே மாட்டார்கள். நடந்ததைக் கேளுங்கள்: நாள்கணக்கில் சரியாகத் தூங்காமலே களைப்பில்லாமல் சுற்றியவர், திடீரென்று கையிலிருந்த பணத்தையெல்லாம் இறைத்தவர், பிரசவமான சில நாளிலேயே நிலைதடுமாறியவர், அப்புறம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தவர் யாராவது உண்டா? "அவர் குடிகாரர்", "முன்கோபி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் உறவினரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே விசாரியுங்கள், அந்தக் குடிக்குப் பின்னால் பல நேரம் மனநோய் ஒளிந்திருக்கும். தற்கொலை நடந்திருந்தால் அதைப் பேசவே தயங்குவார்கள்; வற்புறுத்தாமல், "எனக்குச் சரியான மருந்து கிடைக்க இது உதவும்" என்று காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்துப் பெயர் தெரிந்தால் பெரிய உதவி. அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே ஒருவர் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார் என்றால் அது பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தாக இருக்கலாம். அவருக்கு அது நன்றாகக் கேட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் லித்தியம் ஒருவருக்குக் கேட்டால் அதே குடும்பத்தில் இன்னொருவருக்கும் கேட்கும் வாய்ப்பு அதிகம்.

அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் எழுதுங்கள். எந்த வயதில் தொடங்கியது, விட்டுவிட்டு வந்ததா, இடையில் இயல்பாக இருந்தாரா என்பது போதும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது துப்புதான், தீர்ப்பு இல்லை. பைபோலார் உள்ள குடும்பத்திலும் வெறும் மனச்சோர்வு நிறையப் பேருக்கு வருகிறது, குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் பைபோலார் வருவதும் உண்டு. அதனால் விசாரித்ததை வைத்து நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் போகும்போது உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்த நாட்கள் உங்களைவிட அவருக்குத்தான் நினைவிருக்கும்.