மீன் தொட்டியின் ஃபில்டர் மீடியாவைக் கழுவும்போது செய்யக்கூடாதவை

"ஃபில்டரைச் சுத்தம் செய்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன, என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்டால், எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் குழாய்த் தண்ணீர்.

ஃபில்டருக்குள் மீடியாவாக, அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொருளாக இருக்கும் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் பழுப்பாக வழவழவென்று படிந்திருப்பது எல்லாமே அழுக்கு இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் கலப்பதே கிருமியைக் கொல்லத்தான்; நமக்கு வேண்டிய பாக்டீரியாவை மட்டும் அது விட்டுவைக்குமா என்ன? தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, ஸ்பாஞ்சை அதிலேயே சில தடவை பிழிந்தால் போதும். புதுசு மாதிரி ஆக வேண்டியதில்லை, தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் சரி. சோப்பு வேண்டவே வேண்டாம், ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் போய்விட்டால் அதை முழுசாக அலசி எடுப்பது கஷ்டம். வெயிலில் காயவைப்பதும் அந்த பாக்டீரியாவைக் கொல்லும் வேலைதான்.

கழுவும் முறை சரியாக இருந்தும், எல்லா மீடியாவையும் ஒரே நாளில் கழுவி, அன்றைக்கே அடியில் இருக்கும் கற்களையும் கிளறி எடுத்துத் தொட்டியைப் பளபளவென்று ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த பாக்டீரியா மெதுவாகப் பெருகும் ரகம், ஒரு தடவை இரட்டிப்பாகவே பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதனால் இந்தத் தடவை ஸ்பாஞ்ச் என்றால் வளையங்களை இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொடுங்கள். கழுவிய பின் சில நாட்கள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் டெஸ்ட் செய்யுங்கள், 0 இல்லையென்றால் தீவனத்தைக் குறைத்துத் தண்ணீரை மாற்றுங்கள்.

ரீசார்ஜ், அதாவது திறன் தீர்ந்த மீடியாவைத் திரும்ப வேலை செய்ய வைப்பது என்று வரும்போது வேறு வகைக் குழப்பம். நிறத்தையும் வாடையையும் உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனைக் கொதிக்க வைத்தால், ஓவனில் சுட்டால் திரும்ப வேலை செய்யும் என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டே இருக்கிறது. தொழிற்சாலையில் அதைப் புதுப்பிக்க 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரால் மேலே இருக்கும் தூசிதான் போகும். மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஜியோலைட் என்ற தாதுக்கல் விஷயத்தில் உண்மையாகவே ரீசார்ஜ் நடக்கும். அது அம்மோனியத்தை (அம்மோனியா தண்ணீரில் எடுக்கும் ஒரு வடிவம்) பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. கெட்டியான உப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தால் தலைகீழாக நடக்கும். பலர் மறப்பது இதன் மறுபக்கத்தை: தொட்டிக்குள் ஜியோலைட் இருக்கும்போதே மீனுக்கு மருந்தாக உப்புப் போட்டால், பிடித்து வைத்த அம்மோனியம் அங்கேயே வெளியே வரும். உப்புப் போடும் முன் ஜியோலைட்டை எடுத்துவிடுங்கள். ஊறவைத்த தண்ணீர் சாக்கடைக்குத்தான், பிறகு நல்ல தண்ணீரில் உப்பு போகும்வரை அலசுங்கள்.

பிளீச்சில் ஊறவைப்பது பியூரிஜென் மாதிரி, தயாரிப்பாளரே அப்படிச் செய்யச் சொல்லும் ரெசின்களுக்கு (தண்ணீரிலுள்ள கழிவைப் பிடிக்கும் சின்னச் சின்ன செயற்கை மணிகள்) மட்டும். அதற்கு பிளீச்சும் தண்ணீரும் சரிபாதி, 24 மணி நேரம், உலோகம் இல்லாத பாத்திரம். வாசனையோ சோப்போ கலந்த பிளீச் ஆகாது. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பம்ப்பில் படிந்த சுண்ணாம்பைக் கரைக்க வினிகர் ஊற்றிய அதே வாளியில் பிளீச்சையும் ஊற்றிவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது விளையாட்டு இல்லை. ஊறிய பிறகு ரெசினை நன்றாக அலசி, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து, மறுபடி அலசி முகர்ந்து பாருங்கள். கொஞ்சம் பிளீச் வாடை அடித்தாலும் தொட்டிக்குள் போகக்கூடாது. மீனின் வழவழப்புப் படலத்தைக் காக்கும் என்று விற்கும் சில கண்டிஷனர்கள் (தொட்டித் தண்ணீரில் கலக்கும் திரவங்கள்) ரெசினை நிரந்தரமாக அடைத்துவிடுவதுண்டு, அப்படி ஆனதற்கு இன்னும் கூடுதல் பிளீச் ஊற்றிப் பயனில்லை, புதிது வாங்க வேண்டியதுதான்.