ஃபைபர் பரிசலுக்கு வாக்ஸ் போடுவது எப்படி? (கிரைண்டரை மட்டும் தொடாதீர்கள்)

பண்ணவாடிப் பக்கம் மேட்டூர் அணையில் மீன் பிடிக்கும் என் மாமனாருக்கு ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஃபைபர் பரிசல் வாங்கினோம். எட்டடி வாய், நல்ல நீல நிறம். மூங்கில் பரிசல் மாதிரி தார் பூசிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். மூன்றாம் வருடமே நீலம் வெளுத்துச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றது. சொன்ன வாய்க்கு நானே புதுசாக்கித் தருகிறேன் என்று இறங்கி, இரண்டு முறை சொதப்பினேன். சரியாக வந்த மூன்றாம் முறைதான் இது. தார் பூசிய பரிசல் வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம், தாரில் மெழுகு நிற்காது.

வைகாசியில் செய்யுங்கள். ஆடிக் காற்றில் வேண்டவே வேண்டாம். பூசிய மெழுகில் மண் ஒட்டும், துடைக்கும்போது அந்த மண்ணே பரிசலைக் கீறிவிடும். காலை ஒன்பது மணிக்குள், அல்லது நல்ல நிழலில். கையை வைத்தால் சுடுகிற பரிசலில் எதையும் பூசாதீர்கள்.

முதலில் கழுவுதல். இதில் பெரிய வித்தை இல்லை. பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம், பஞ்சு, தண்ணீர். செதிலும் வழவழப்பும் காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரச் சாக்கை அரை மணி நேரம் மேலே போட்டு ஊறவிடுங்கள். சுரண்ட வேண்டாம். கம்பி நாரும் பாத்திரம் தேய்க்கும் பொடியும் வீட்டிலேயே இருக்கட்டும். கடைசி அலசலுக்கு ஆற்றுத் தண்ணீர்தான் நல்லது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் அலசி வெயிலில் காயவிட்டேன், பரிசல் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தபின்தான் போனது.

தண்ணீர்க் கோட்டில் படியும் பழுப்புக் கறையும், போல்ட்டிலிருந்து வழிந்த துருவும் சோப்புக்கு அசையாது. அதற்கு ஆக்ஸாலிக் ஆசிட். ஈரோட்டில் சாயப்பட்டறைகளுக்குச் சரக்கு விற்கும் கெமிக்கல் கடைகளில் பொடியாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். பூசிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாக அலசி, பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை துடைக்க வேண்டும். இது விஷம். கையுறை போடுங்கள், பொடி மூக்கில் ஏற விடாதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். இந்த வேலையைக் கரையிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். அணைத் தண்ணீரை எத்தனையோ ஊர் குடிக்கிறது.

இனி வருவதுதான் என்னைக் கவிழ்த்த இடம்.

கழுவிக் காய்ந்த பரிசலில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரலில் திருநீறு மாதிரி வெள்ளையாக வருகிறதா? அது அழுக்கில்லை. ஃபைபருக்கு மேலே ஜெல்கோட் என்று ஒரு நிறப்பூச்சு இருக்கிறது, அதன் மேற்பரப்பு வெயிலில் செத்துப் பொடியானதுதான் அந்த வெள்ளை. முதல் முறை இது தெரியாமல் அதன்மேலேயே வாக்ஸ் போட்டேன். அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. பத்தே நாளில் பழைய சுண்ணாம்புச் சுவர். மெழுகு பிடித்தது செத்த பொடியை, பொடி உதிர்ந்ததும் மெழுகும் கூடவே போய்விட்டது.

ஆகவே பொடியை எடுத்தாக வேண்டும். லேசாக வெளுத்திருந்தால் ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) மட்டும் போதும். நன்றாக வெளுத்திருந்தால் முதலில் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்): ஆயிரம் நம்பர், பிறகு ஆயிரத்து ஐந்நூறு, கடைசியாக இரண்டாயிரம். தண்ணீர் சொட்டச் சொட்ட, தக்கைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். வழியும் தண்ணீர் முதலில் பால் மாதிரி வெளுப்பாக இருக்கும். அதில் பரிசலின் சொந்த நிறம் தெரிய ஆரம்பித்தால் போதும், நிறுத்துங்கள். ஜெல்கோட்டின் கனமே அரை மில்லிமீட்டர் அளவுதான். பிறகு காம்பவுண்டைக் கையகலம் கையகலமாக எடுத்துத் தேய்த்தால் நீலம் எழுந்து வரும்.

இரண்டாம் முறை இந்தத் தேய்ப்புக்குத்தான் பொறுமையில்லாமல், வெல்டிங் பட்டறையில் நாலு அங்குல கிரைண்டரைக் கடன் வாங்கிக் கம்பளி பேட் மாட்டினேன். அது நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும். பாலிஷுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறே தாராளம். கண் இமைப்பதற்குள் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு ஜெல்கோட் கருகி, அடியில் இருந்த ஃபைபர் இழை தெரிந்தது. மாமனார் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஏனுங் மாப்ள, தோசைய அடியோட தீச்சுப்போட்டீங்களே” என்றார். மெஷின்தான் வேண்டுமென்றால் வேகம் குறைக்கிற பாலிஷர் வாடகைக்கு எடுங்கள். என்னைக் கேட்டால் எட்டடிப் பரிசலுக்குக் கையே போதும், இரண்டு காலை வேலை.

துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை மிஞ்ச எதுவும் இல்லை. வெள்ளைப் பருத்தி மட்டும், பிரிண்ட் போட்டது வேண்டாம். ஓவர்லாக் தையலை வெட்டி எறிந்துவிடுங்கள், அந்த நூல் கீறும்.

இப்போது வாக்ஸ். கார்களுக்கு விற்கும் கர்னாபா (ஒரு வகைப் பனையின் இலை மெழுகு) பேஸ்ட் வாக்ஸ் போதும். சிலிக்கான் ஸ்ப்ரே வாங்காதீர்கள், பின்னால் ஒட்டு போட வேண்டி வந்தால் ஒட்டாது. அதே காரணத்தால் விரிசல், கீறல் வேலையெல்லாம் வாக்ஸுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தண்ணீர் வற்றி, அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி சிலை முழுதாகத் தெரிகிற வருடங்களில் பரிசலைக் கல்லின்மேல் வெகுதூரம் இழுக்கிறோம், அதனால் அடிப்பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். இழை தெரிகிற இடத்தில் மெழுகு பூசிப் பயனில்லை.

வாக்ஸை வட்டமாக, மிக மெல்லிசாகப் பூசுங்கள். தடியாகப் பூசினால் பளபளப்பு அதிகமாகாது, துடைக்கிற தோள்தான் வலிக்கும். பனி படர்ந்த கண்ணாடி மாதிரி மங்கியதும் சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். மறுநாள் இன்னொரு கோட். தண்ணீர் தெளித்தால் சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதுபோல் உருள வேண்டும், படர்ந்தால் அந்த இடத்தில் மறுபடி. தை முடிந்து இன்னொரு தடவை போட்டால் வருடம் முழுக்கத் தாங்கும்.

உள்தரைக்குப் போடாதீர்கள். ஈரக்காலோடு வலை இழுக்கிறவர் நேராகத் தண்ணீரில்தான் இருப்பார்.

பிறகு சேர்த்தது: மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஆகாதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மெழுகுவர்த்தி அறுபது டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், கர்னாபாவுக்கு எண்பதுக்கு மேல் வேண்டும். கவிழ்த்துப் போட்ட பரிசல் நம் வெயிலில் எவ்வளவு சுடும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேங்காய் எண்ணெய் ஒரு நாள் மின்னும், மறுநாள் தூசியெல்லாம் அதில்தான்.

கருகிய இடத்தை என்ன செய்தீர்கள் என்றும் ஒருவர் கேட்டார். ஜெல்கோட் வாங்கி ஒட்டு போட்டேன், நீலம் ஒத்து வரவில்லை. மாமனார் அந்தப் பக்கமாகத்தான் வலையை மடித்துத் தொங்கவிடுகிறார்.